அறுநூற்று முப்பத்தெட்டு கிராம்

ராடிம் ஸ்க்லென்காவின் முதுகுப்பை எவ்வளவு லேசு என்று வாரக் கடைசியில் காட்டில் போய்ப் படுத்து வரும் எங்கள் ஆட்களிடம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பிரானிக் ரயில் நிலையத்தில் அவன் பையைக் கீழே வைத்துவிட்டு ஷூ நாடா கட்டக் குனிந்த நேரத்தில் காற்றடித்து, பை தண்டவாளத்தைத் தாண்டி எதிர் நடைமேடையில் போய் உட்கார்ந்துவிட்டது என்பது அதில் ஒன்று. பை பறந்ததை நான் பார்க்கவில்லை. அதை எடுத்துவர அவன் மேம்பாலம் ஏறி இறங்கியதை மட்டும் பார்த்தேன்.

கதையைத் தள்ளிவிட்டுச் சொன்னால், சாப்பாடும் தண்ணீரும் நீங்கலாக அந்தப் பை இரண்டு கிலோ எண்ணூற்றுத் தொண்ணூறு கிராம். காட்டில் ஓர் இரவு படுத்து எழுந்து வர ஒரு மனிதனுக்கு வேண்டியதெல்லாம் அதற்குள் இருந்தது. இரண்டாவது மனிதனுக்கு ஒரு தீக்குச்சிகூடக் கிடையாது.

அவனுக்கு வேலை பாராசூட் தைக்கும் ஆலையில். தையலைச் சோதித்து, ஒரு நூல் பிசகியிருந்தாலும் துணியை ஒதுக்கிவிடுவது அவன் பொறுப்பு. அப்படி ஒதுக்கிய துணியைக் கேட்டு வாங்கி வந்து தனக்கு ஒரு மழைவிரிப்பு தைத்துக்கொண்டான். இருநூற்றுப் பதினான்கு கிராம். ஒரே ஆள், அதுவும் ஒருக்களித்துப் படுத்தால்தான் நனையாமல் இருக்கலாம். இறகுப் போர்வையும் அவன் தைத்ததுதான். முதுகுக்கடியில் நசுங்கிக் கிடக்கும் இறகு சூடு தராது, அதை எதற்குச் சுமக்க வேண்டும் என்று முதுகுப் பக்கத்தையே வெட்டி எடுத்துவிட்டான். நுரைப்பாய் தோளில் ஆரம்பித்து இடுப்போடு முடிந்துவிடும். கால்களுக்குக் காலிப் பைதான் பாய். பீர் டப்பாவைக் கத்தரித்துச் செய்த ஸ்பிரிட் அடுப்பு. பாதியாக அறுத்த டூத் பிரஷ். சட்டைகளில் லேபிள் இருக்காது. வரைபடத்தில் தான் போகாத பகுதிகளை வெட்டி எறிந்துவிடுவான். ஒருமுறை வழி தவறி அதன் ஓரத்தைத் தாண்டிப் போய், ஒன்றரை நாள் உலகத்துக்கு வெளியே நடந்துவிட்டுத் திரும்பினான். கிளம்புமுன் தாடியை மழித்து, நகத்தை வெட்டி, வர வேண்டிய தும்மலையும் வீட்டிலேயே தும்மிவிட்டு வருவான் என்று மெடார்ட் சொல்வான். மெடார்ட் ஓல்ஷினி நிறுத்தத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் இடது கைப் பக்கம் இருக்கும் பீர்க்கடைக்காரன். அவன் வாயில் விழாதவர் எங்களில் யாரும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் சொந்தப் பெயர் யாருக்கும் தங்காது. கசாப்புக் கடையில் ஹாம் வாங்கும்போது பத்து கிராமைத் தெகோ என்று சொல்வோம். ராடிமுக்கு அதுவே பெயராகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ரயிலேறிக் காட்டுக்குள் போய், ஏதாவது ஒரு பாறைக் குடைவில் படுத்துவிட்டு வருவதைப் பத்தொன்பது வருடமாக அவன் விட்டதில்லை. ஆரம்பத்தில் எங்களோடுதான் வந்தான். ஒருவர் கித்தார் கொண்டு வந்தால் கொக்கித் தராசில் மாட்டி, இரண்டு கிலோ நூறு, இதற்கு மவுத் ஆர்கன் என்றால் எழுபதே கிராம் என்பான். கறிக்குழம்புச் சட்டியைத் தூக்கிப் பார்ப்பான். யாருக்கும் அவன்மேல் கோபம் இல்லை. ஆனால் நாங்கள் நெருப்பைச் சுற்றி அந்தக் கனத்த சட்டியோடும் கனத்த கித்தாரோடும் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம். அவன் சாப்பாடு நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு அவனுக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்காது. ஒரு வருடம் சற்றுத் தள்ளிப் படுத்தான். அடுத்த வருடம் ஓடைக்கு அந்தப் பக்கம். அதற்கடுத்து, ஓல்ஷினியிலிருந்து ஒரு மணி நேரம் மேலே நடந்து, சமையலறை என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் பாறைக் குடைவைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான். அங்கே படுக்கும் முன் அடுப்பைப் பார்த்துக் குட் நைட் சொல்வான். இதை அவனே ஒருநாள் வாய் தவறி மெடார்டிடம் சொல்லி, அன்றே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

எங்களிடம் கல் வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பிடித்த கூட்டாளி அசந்த நேரம் அவன் பையின் அடியில் ஒரு கல்லை, துணியில் நன்றாகச் சுற்றி வைத்துவிட வேண்டும். அவன் அதை மலை மேல் வரைக்கும், முடிந்தால் வீடு வரைக்கும் சுமக்க வேண்டும். கண்டுபிடித்தவன் யார் வைத்தது என்று கேட்கக் கூடாது, வாயே திறக்கக் கூடாது. கல்லைத் தூர எறிந்துவிட்டு, தன் முறை வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு தடவை இரண்டரைக் கிலோவில் வைத்தார்கள். அதைச் சுமந்துகொண்டு நான் ஒரு ஆற்றைக்கூடக் கடந்திருக்கிறேன். கல் இல்லாமலிருந்தால் வெள்ளம் என்னை எல்லை தாண்டி ஹாம்பர்க் துறைமுகம் வரை கொண்டுபோயிருக்கும். ராடிமுக்கும் வைத்துப் பார்த்தார்கள். பையைத் தோளில் மாட்டிய அந்த நொடியே, அறுபது கிராம் கூடுதல் என்று சொல்லி எடுத்து நீட்டிவிடுவான். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு யாரும் முயலவில்லை. பதினோரு வருடமாக அவன் பையில் ஒரு கல் விழவில்லை.

ஹெட்விகா வந்தது போன ஆகஸ்ட் கடைசியில். ஐம்பதை நெருங்கும் பெண், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஓல்ஷினிக்கு மேலே இருக்கும் குடைவில் ஓர் இரவு தங்க வேண்டும், வழி தெரிந்தவர்கள் கூட்டிப் போனால் நன்றி என்று எழுதி, மெடார்டின் கடைப் பலகையில் ஒட்டச் சொல்லித் தபாலில் அனுப்பியிருந்தாள். அண்ணன் யாகிம் சின்ன வயதில் அங்கே வருவாராம். பிப்ரவரியில் இறந்துவிட்டார் என்று ஒரு வரி. அவள் கேட்டது ராடிம் படுக்கும் அதே குடைவைத்தான். அவன் அந்தச் சீட்டை மூன்று வெள்ளிக்கிழமை வந்து வந்து படித்தான். நாலாவது வாரம் அங்கேயே நின்றுகொண்டு பதில் எழுதினான்.

பிரானிக் நிலையத்தில் அவளைப் பார்த்ததும் அவன் முதலில் பார்த்தது பையை. கேட்காமலே கொக்கித் தராசில் மாட்டினான். பதினொன்றரைக் கிலோ. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரயிலில் அவளே பையைத் திறந்து மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்: அம்மா அடைத்த இறகுத் தலையணை, பருத்தி நைட்டி, ரப்பர் வெந்நீர்ப் பை, எனாமல் குவளை இரண்டு, வாத்துக் கொழுப்பு ஒரு ஜாடி, ஊறுகாய் வெள்ளரி, பாலாடைக்கட்டி வைத்த பன் ஒரு டப்பா, மடக்கு நாற்காலி. ராடிம் ஒவ்வொன்றுக்கும் எடை சொன்னான். வெந்நீர்ப் பையை எடுத்தபோது, தண்ணீர் ஊற்றினால் இது இரண்டு கிலோவுக்கு மேல் என்று எச்சரித்தான். தண்ணீரைச் சுமக்கப் போவது ஓடைதானே என்றாள் அவள். பத்தொன்பது வருடத்தில் அவனுக்கு இது தோன்றியிருக்கவில்லை.

ஓல்ஷினியில் இறங்கி, நாற்காலியையும் ஊறுகாயையும் மெடார்டின் கடையில் விட்டுப் போகலாம் என்று முடிவாயிற்று. அவள் கை கழுவ உள்ளே போனாள். ராடிம் அவள் சொன்னபடி அந்த இரண்டையும் எடுத்து வெளியே வைத்தான். பை இன்னும் கனத்தது. அடியில் கையை விட்டான். சமையலறைத் துண்டில் இறுகச் சுற்றி ஒரு கல் இருந்தது.

உள்ளங்கையில் அடங்கும் கரிய கல், ஒரு பக்கம் தட்டை. லேசாகப் புளித்த முட்டைக்கோஸ் வாடை வேறு. யாரோ ரசித்துச் செய்த வேலை என்று நினைத்தான். முதல் பயணம், இன்னும் காட்டுக்குள் காலே வைக்கவில்லை, அதற்குள் இவளுக்கு ஒரு கல் வந்துவிட்டது. ரயிலில் யாராவது வைத்திருக்க வேண்டும், அல்லது அவளோடு வேலை செய்யும் யாராவது. அவனுக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை, அவனும் மறைக்கவில்லை. பழக்க தோஷத்தில் எடை போட்டான். அறுநூற்று முப்பத்தெட்டு கிராம். பிறகு வழக்கப்படி வாயே திறக்காமல், கடைக்குப் பக்கத்து மரப்பாலத்தில் நின்று அதை ஓடையில் எறிந்துவிட்டு, துண்டை மடித்துப் பையில் வைத்தான். ஒரு பெண்ணின் தோளிலிருந்து பாரம் இறக்கிய நிம்மதியோடு மேலே ஏறினான்.

அன்று இரவு பெருமழை. குடைவில் அவர்கள் படுத்த இடத்தில் ஒரு சொட்டும் விழவில்லை. கீழே ஓடை சரக்கு ரயில் போல ஓடிக்கொண்டிருந்தது. அவன் டப்பா அடுப்பில் ஆறு தடவை தண்ணீர் கொதிக்கவைத்த பிறகுதான் வெந்நீர்ப் பை நிறைந்தது. ஒரு வாரத்து ஸ்பிரிட் தீர்ந்துபோயிற்று. அவள் வெந்நீர்ப் பையைத் தன் கால்மாட்டில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், இடுப்போடு முடிந்துபோன அவன் பாயைப் பார்த்துவிட்டு, பையைக் காலாலேயே அவன் பக்கம் தள்ளினாள். ராடிம் ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகக் காட்டில் பாதம் சூடாகத் தூங்கினான். அடுப்புக்குக் குட் நைட் சொல்ல மறந்துவிட்டான்.

காலையில் அவள் பன்னும் சுள்ளித் தீயில் போட்ட காபியும் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது, பத்து நிமிடம் தனியாக விட்டுவிடுங்கள் என்றாள். பையில் கையை விட்டாள். துண்டை எடுத்தாள். உதறினாள். பையைக் கவிழ்த்தாள்.

ராடிமுக்கு அப்போதே விளங்கிவிட்டது. வீட்டிலேயே மறந்திருப்பீர்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. கல்லை எடுத்தது, எறிந்தது, எங்கள் வழக்கம் எல்லாவற்றையும் சொன்னான். எடையையும் சொன்னான், அதுதான் அவனால் முடிந்த மன்னிப்பு.

அவள் காலித் துண்டை நான்காக மடித்து மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள். யாகிம் பதினேழு வயதில் இந்தக் குடைவின் பின்சுவரில், நீர் சொட்டிச் சொட்டிக் குழிந்த பள்ளத்திலிருந்து எடுத்து வந்த கல் அது. முட்டைக்கோஸ் புளிக்கவைக்கும் சாடியில் மேலே அழுத்தி வைக்க அம்மாவுக்கு ஏற்ற கல் கிடைக்காமல் இருந்த வருடம். அன்றிலிருந்து நாற்பது குளிர்காலம் அது அந்த வீட்டுச் சாடியில் இருந்தது. மருத்துவமனையில் கடைசி வாரம் யாகிம் சொத்து பற்றியோ சவ அடக்கம் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. எடுத்த இடத்தில் கல்லைத் திருப்பி வைத்துவிடு என்று மட்டும்தான் சொன்னார்.

கீழே இறங்கி வந்தபோது ஓடை பழுப்பு நிறத்தில் பாலத்தை முட்டிக்கொண்டு போனது. அன்று தேட முடியவில்லை. விஷயத்தைக் கேட்ட மெடார்ட் தன் பங்குக்குச் சமாதானம் சொன்னான். "அம்மணி, ஓடைப் பக்கத்துக் கல்லு ஓடைக்கே வந்துடுச்சு. இதுல என்ன நஷ்டம்?"

"எங்க அண்ணன் ஓடைன்னு சொல்லல. இடம் சொன்னான்," என்றாள் ஹெட்விகா. "உங்க சாராயத்த ஆத்துல கொட்டிட்டு, தண்ணி தண்ணியோட சேந்துடுச்சுன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

மெடார்ட் மேசைமேல் இருந்த சாராயப் புட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டானாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரானிக் நிலையத்தில் அவள் மறுபடியும் நின்றாள். ராடிமோடு போக வேண்டும் என்று வரவில்லை, கல்லுக்காக வந்தாள். அதை முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் தேடுகிற இடம் அவனுக்குத்தான் தெரியும், தங்குகிற குடைவும் அவனுடையதுதான். வெள்ளி இரவு மேலே தங்குவது, சனி காலை கீழே இறங்கி ஓடைக்குள் நின்று தேடுவது, சாயங்கால ரயிலில் திரும்புவது என்று ஆயிற்று. அவள் பாலத்திலிருந்து கீழ்ப்பக்கமாக, அவன் கீழே ஓடை வளைகிற இடத்திலிருந்து மேல்பக்கமாக. அவள் கண்ணால் தேடினாள். தட்டைப் பக்கத்தில் நகம் பதிந்த மாதிரி ஒரு வடு இருக்கும் என்றாள். அவன் கரிய கல்லாகக் கண்டதையெல்லாம் துணிப்பையில் போட்டுக் கொக்கித் தராசில் மாட்டினான். அந்த ஓடையில் அவன் எடை போடாத கல் இல்லை. தவளைகள்கூட வரிசையில் நின்று எடை பார்த்துக்கொண்டு போனதாக மெடார்ட் சொன்னான். இரண்டு தவளைகளை நானே பார்த்தேன்.

இந்தப் பயணங்களில் அவள் பை இளைக்கவில்லை. அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருக்கக் கற்றுக்கொண்டான். இரவில் அவள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாத்துக் கொழுப்பில் வதக்குவாள். இரண்டாவது எனாமல் குவளையில் அவனுக்குத் தேநீர். அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்தக் காய்கறியை எப்படி மேசைக்கடியில் ஒட்டிவைக்கிறார்கள் என்று சொல்வாள். அவன் பாராசூட் தையல் எங்கே பிசகும் என்று சொல்வான். சாப்பிட்டு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

மூன்றாவது சனிக்கிழமை, செப்டம்பர் பதினாலு, கல் கிடைத்துவிட்டது. வெள்ளம் அதை முப்பது அடி தள்ளிக் கரைமரத்தின் வேருக்கடியில் சொருகியிருந்தது. தட்டைப் பக்கம், நக வடு. ஈரத்தோடு அறுநூற்று நாற்பத்தொன்று. சட்டையில் துடைத்துவிட்டு மாட்டினான், அறுநூற்று முப்பத்தெட்டு. ஹெட்விகா இருபது அடி தள்ளி, முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தான்.

அந்த நேரத்தில் அவன் மனதில் ஓடியது வெள்ளிக்கிழமைகள்தான். அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி, பனி விழும் வரைக்கும். கையில் இருப்பதை நீட்டினால் அத்தனையும் அங்கேயே முடிந்துவிடும். அவன் கல்லைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இல்லாத ஒன்றைத் தேடக் குனிந்தான்.

அன்றிலிருந்து கல் அவன் முதுகுப்பையில், மாற்றுச் சட்டைக்குள் சுற்றி இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அது திருட்டு, பையில் இருந்தால் கொடுக்கக் கொண்டுபோகிற பொருள் என்று அவன் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான். ஒவ்வொரு வெள்ளியும் இன்று கொடுத்துவிடுவோம் என்றுதான் ஏறினான். ஒவ்வொரு சனியும் அதைச் சுமந்துகொண்டே இறங்கினான். ஒருநாள் கடைப் பெஞ்சில் அவன் பையை வைத்தபோது டக்கென்று சத்தம் கேட்டு மெடார்ட் நிமிர்ந்து பார்த்தான்.

"டேய் தெகோ, உன் பை சத்தம் போடுது. உள்ள என்ன, ரெண்டாவது சட்டையா?"

ஆமாம் என்றான் ராடிம். அது பாதி உண்மைதான்.

செப்டம்பர் போய் அக்டோபர் வந்தது. அந்த நாலு வாரம் இரவில் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பக்கத்தில் மூச்சுச் சத்தம், காலடியில் வெந்நீர்ப் பை, தலைமாட்டுச் சட்டைக்குள் கல். முன்பு ஒற்றை ஆளாகப் படுத்திருந்த வருடங்களில்கூட அவன் இப்படித் தனியாக இருந்ததில்லை. எதைப் பேசினாலும் அந்த ஒன்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. யாகிம் பெயரை அவள் எடுத்தால் எழுந்து விறகு பொறுக்கப் போய்விடுவான். குடைவில் மறுவருடம் வரைக்கும் போதுமான விறகு சேர்ந்துவிட்டது.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி காலை ஓடையின் ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரி பனி உறைந்திருந்தது. அவள் ரப்பர் பூட்ஸோடு இறங்கி, முக்கால் மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்து உட்கார்ந்தாள். விரல் கணுக்கள் வெடித்து, ஒன்றில் ரத்தம் கசிந்தது. வாத்துக் கொழுப்பு ஜாடியைத் திறக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. திறந்து கொடுங்கள் என்று அவனிடம் நீட்டினாள்.

அவன் ஜாடியைத் திறந்து கொடுத்தான். பிறகு பையை இழுத்து, சட்டையைப் பிரித்து, கல்லை அவள் மடியில் வைத்தான்.

அவள் முகம் முதலில் மலர்ந்ததாம். அதுதான் தன்னால் மறக்க முடியாதது என்று அவன் சொல்கிறான். இரண்டு கையாலும் தூக்கி, வடுவைத் தடவிப் பார்த்து, எங்கே கிடைத்தது என்று கேட்டாள். வேருக்கடியில் என்றான். அவள் கல்லைக் கன்னத்தில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

"ஈரமே இல்லையே," என்றாள்.

அவன் சட்டையை மடிக்க ஆரம்பித்தான்.

"எப்பலேர்ந்து?"

"செப்டம்பர் பதினாலு."

"நாலு வாரம் என்னை இந்தத் தண்ணியில நிக்க வச்சுப் பாத்துட்டிருந்தீங்களா?"

"நானும் நின்னேன்," என்றான். சொன்ன பிறகு அதற்காக வெட்கப்பட்டான். "கல்லு கிடைச்சிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு..."

"வருவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாது. நீங்க கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்." ஜாடியை மூடினாள். "என் அண்ணனை உங்க சட்டைக்குள்ள சுத்தி வச்சிருந்திருக்கீங்க, ராடிம்."

அவள் எழுந்து கல்லைத் துண்டில் சுற்றினாள். கூட வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். மேலே போய்த் திரும்பி வர இரண்டரை மணி நேரம். ராடிம் மெடார்டின் கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு பீரை வைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்தபடி இருந்தான். மெடார்ட் அன்று அவனை ஒன்றும் கேலி செய்யவில்லை. ஒருமுறை வந்து மேசையைத் துடைத்தான், துடைத்த மேசையையே இன்னொரு முறை துடைத்தான்.

அவள் மேலே வெகுநேரம் இருந்துவிட்டு, கடைசி ரயிலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் இறங்கி வந்தாள். குழியில் கல் சரியாகப் பொருந்தியது, தட்டைப் பக்கம் கீழே போக மற்ற பக்கத்தில் தண்ணீர் சொட்டுகிறது என்று மெடார்டிடம் சொன்னாள். ராடிம் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள் என்பது மெடார்டின் எண்ணம். நாற்காலியையும் ஊறுகாய் ஜாடியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ரயிலில் வேறு பெட்டியில் ஏறினாள்.

குளிர்காலம் முழுக்க ராடிம் தனியாகத்தான் போனான். குடைவில் கல் இருந்தது. அதைத் தொடக் கூடாது என்று இருந்தான். பின்சுவர்ப் பக்கம் படுப்பதையே விட்டுவிட்டு வாசலோரம், காற்றடிக்கிற இடத்தில் படுத்தான். சேர்த்துவைத்த விறகு எரிந்துகொண்டே இருந்தது, தீரவில்லை. ஜனவரியில் ஒருநாள் எங்கள் நெருப்புக்கு வந்து உட்கார்ந்து, நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னான். எடைகளைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. யாரோ அவனுக்கும் ஒரு கரண்டி கறிக்குழம்பு ஊற்றினார்கள். தட்டு இல்லாததால் சட்டி மூடியில்தான் ஊற்ற வேண்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லி எழுந்து மேலே போய்விட்டான்.

மார்ச் முதல் வாரம், முழங்கால் அளவு பனி இன்னும் கிடக்கும்போதே, அவளுக்குக் கடிதம் எழுதினான். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், எழுதியதை என்னிடம் கொண்டுவந்து காட்டி, எங்கே வெட்டலாம் என்று கேட்டான். வெட்ட ஒன்றும் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி. அதற்குக் கீழே: இப்போது தேட ஒன்றுமில்லை. சும்மா வருவீர்களா?

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அதையும் காட்டினான்.

"நாலு வாரம் என்னுடையதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஏப்ரல் மாதம் நாலு வெள்ளிக்கிழமை உங்களுடையதை நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் பிரானிக் நிலையத்துக்கு வழக்கம்போல வாருங்கள், நான் வரமாட்டேன். அதற்கப்புறம் இன்னொரு தடவை கேளுங்கள்."

கேட்டால் வருவாளா என்று அதில் எழுதவில்லை. அவன் தாளைத் திருப்பி, பின்பக்கத்திலும் பார்த்தான்.

போன வெள்ளி இரண்டாவது. மழை தூறிக்கொண்டிருந்தது. ரயில் வரும் வரைக்கும் அவன் நடைமேடையில், அவள் வழக்கமாக நிற்கும் கடிகாரத் தூணுக்குப் பக்கத்தில் நின்றான். யாரும் வரமாட்டார்கள் என்று எழுத்தில் தெரிந்தும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓல்ஷினியில் மெடார்ட் ஒரு பீரை ஊற்றி வைத்துவிட்டு, வருவாளாமா என்று கேட்டானாம்.

"தெரியாது," என்றானாம் ராடிம். "இன்னும் ரெண்டு வெள்ளி இருக்கு."

பீரைக் குடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டினான். வெளிச்சம் இன்னும் இருந்தது. மேலே போகிற பாதையில் அவன் ஒருவன்தான்.